வலிக்காத காலைத்தான் பார்க்கணும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு எழுதி முடிச்சு எழுந்தா, ஒரு அக்கா உட்கார்ந்த இடத்தில் ரத்தக்கறை. பாதத்தில் முள் ஏறி ஒடிஞ்சிருக்கு. "எனக்குத் தெரியவே இல்லையேம்மா. விரலெல்லாம் ஒரு வருஷமா மரத்துத்தான் கிடக்கு"ன்னாங்க. ஏன் சொல்லலைன்னு கேட்டோம். "வலிச்சாத்தானே சொல்றதுக்கு?" என்றார்.

ஆபத்தே அங்கதான் இருக்கு. வலிச்சா காலைப் பார்ப்போம். வலி தெரியாத காலில் புண் வந்து, சீழ் பிடித்து, சிலருக்கு விரலையே எடுக்க வேண்டி வருகிறது.

சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்த கால் நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். அதற்குப் பயம் வேண்டாம். நாள்கணக்கில் மதமதப்பு, எரிச்சல், எறும்பு ஊர்வது போல இருந்தால் காரணம் தேட வேண்டும்.

முதல் சந்தேகம் சர்க்கரை நோய். அடுத்தது பி12 வைட்டமின் குறைவு. இது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும். நம்ம வீட்டில் இதெல்லாம் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போக, நமக்கு மிச்சம் என்ன? யோசிச்சுப் பாருங்க. மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தக் குறைவு வரலாம். மாத்திரையை நாமே நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் கேட்கணும். இடுப்பில் நரம்பு அழுந்தினாலும் கால் மரத்துப்போகும். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கம் வேண்டாம். 6 அல்லது 12 மாதம் இலவச மருந்து சாப்பிட்டால் குணமாகும்.

திடீரென ஒரு பக்கம் கை, கால் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

மரத்த காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்காதீங்க. சூடு தெரியாம வெந்துபோகும். செருப்பில்லாமல் காட்டுக்குப் போகாதீங்க. தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்க. குனிய முடியாதவங்க கண்ணாடி வைத்துப் பாருங்க.

அந்த அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை 280. இப்போ மாத்திரை சாப்பிடுறாங்க, புண் ஆறிடுச்சு.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு எழுதினதும் ஒருத்தர் பாதத்தை ஒருத்தர் பார்ப்போம். இதைத் தீர்மான நோட்டில் எழுதுவோமா?