விளக்கெண்ணெயும் மெழுகுவத்தியும்



விளக்கெண்ணெய் என்றதும் இன்று நினைவுக்கு வருவது மருந்து. ஆயின் அப்பெயரே அதன் பழைய தொழிலைச் சொல்லிவிடுகிறது. தருமபுரியின் வானம் பார்த்த செம்மண் கொல்லைகளில் ஆமணக்கு எளிதில் விளையும். இப்பகுதி பாரமகால் என வழங்கிய பதினெட்டாம் நூற்றாண்டில் எளியோர் வீட்டு அகலில் எரிந்தது இந்நெய்.

அதனை எடுக்கச் செக்கு வேண்டியதில்லை. முத்துகளை வறுத்து, உரலில் இடித்து, பானை நீரில் நெடுநேரம் கொதிக்கவைப்பர். மேலே மிதந்து வரும் எண்ணெயை அகப்பையால் வழித்து, எஞ்சிய நீர் வற்றும்வரை மீண்டும் காய்ச்சுவர். கெட்டியான நெய்யாதலால் திரியில் மெல்ல ஏறும், நின்று எரியும், புகையும் குறைவு. பழந்துணித் திரி, ஒரு மண் அகல், சுவரில் ஒரு மாடக்குழி. இவ்வளவே அன்றைய வீட்டொளி.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்சாந்தர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். அவர் பிறந்த நாட்டிலோ ஆடு மாடுகளின் கொழுப்பை உருக்கி, நூல்திரியை அதில் பலமுறை தோய்த்துத் தோய்த்து ஆறவிட்டு மெழுகுவத்தி செய்தனர். அது நாறும், கருகிய நுனியை அடிக்கடி கத்தரிக்கவும் வேண்டும். செல்வர் தேன்மெழுகையும், திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகையும் எரித்தனர். 1831 வரை மெழுகுவத்திக்கு அங்கே வரியும் இருந்தது. வரிக்கு அஞ்சிய ஏழையர் கோரைத் தண்டின் உட்சோற்றைக் கொழுப்பில் தோய்த்து எரித்தனர்.

சமணர் கணக்கு வேறு. கொழுப்பு ஐயறிவுயிரின் உடல், தேன்மெழுகு நான்கறிவுயிரின் கூடு, ஆமணக்கு ஓரறிவுயிர். எனினும் அகல் குற்றமற்றது என இதனால் ஆகிவிடாது. தீயும் உயிரென்பது சமணக் கொள்கை. சுடரை நாடி விழும் விட்டிலுக்கும் நான்கறிவு உண்டு. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நோன்பு விளக்கின் தேவையையே குறைத்தது. எண்ணெய்ச் செலவும் குறைந்திருக்கும். நோன்பின் நோக்கம் அதுவன்று.

இத்தகடூர் மண்ணுக்குச் சமணம் புதிதன்று. இங்கே வணிகர் எழுப்பிய பசதியைக் கி.பி. 893-ஆம் ஆண்டு நுளம்பர் கல்வெட்டு கூறுகிறது. ஆதலின் இவ்வாராய்ச்சி இங்குள்ளோர்க்கு உரியதே.

வீரர் வீடுபேற்று நாளில் அகலுக்கு மாறாக மெழுகுவத்தி ஏற்றும் வீடுகள் இன்று உண்டு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கல்லெண்ணெய் வழிவந்த பாரஃபின். அது கெட்டிப்படச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலமோ பனையெண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். உறையைப் பார்த்து அறிவது அரிது. கேட்டு வாங்குவதே வழி. அகல் ஏற்றுவோர் அதனைக் கண்ணாடிக் கூண்டினுள் வைத்தால் விட்டில் பிழைக்கும்.