ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த திங்கட்கிழமை

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். எடைக்குறைப்பு ஆபரேஷன் முடிஞ்சு திரும்ப வேலைக்குப் போன கதையைச் சொல்லப் போறேன். ஆபரேஷன் பத்தி வீடியோ எக்கச்சக்கமா இருக்கு. லீவ் முடிஞ்சு ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிற அந்தத் திங்கட்கிழமை பத்தி யாரும் பேசுறதில்லை.

என் ஊர் கருக்களாச்சேரி. காரைக்கால் கடற்கரையில இருக்கிற மீனவ கிராமம். அப்பா விசைப்படகுல போறவர். நான் ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு பார்க்கிறேன். என் உயரம் 158 செ.மீ. அப்போ எடை 104 கிலோ. பி.எம்.ஐ. 41-ஐத் தாண்டியிருந்துச்சு. சர்க்கரை இருந்தது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல, புதுச்சேரி யூனியன் பிரதேசத்துல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல நூத்துக்கு 40 பேருக்கு மேல அதிக எடைன்னு வந்திருக்கு. அதாவது நான் ஒண்ணும் அதிசயம் இல்லை. ஆனா தெருவுல நடக்கும்போது அதிசயம் மாதிரிதான் பார்ப்பாங்க.

எனக்குச் செஞ்சது ஸ்லீவ். இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல எடுத்துட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயா விட்டுடுவாங்க. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற பகுதியும் அதோட போயிடும். அதனால கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு ஆகுது, பசியும் குறையுது.

அம்மா ஒத்துக்கவே இல்லை. 2024-ல புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு இளைஞர் இந்த சிகிச்சைக்குப் போன இடத்துல இறந்துபோன செய்தி அவங்க மனசுல இருந்துச்சு. "சோத்தைக் குறைக்கச் சொன்னா வயித்தையே குறைக்கிறேங்கிற"ன்னு அழுதாங்க. அந்தப் பயம் நியாயம்தான். இது பெரிய ஆபரேஷன். நானும் அதைத் தெரிஞ்சுக்கிட்டுதான் போனேன்.

தேதி குறிச்சது மீன்பிடித் தடைக்காலத்துல. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பா வீட்ல இருப்பார், ஐஸ் கம்பெனியிலயும் வேலை மந்தம். மே முதல் வாரம் ஆபரேஷன், அப்புறம் மூணு வாரம் லீவ். உட்கார்ந்து செய்யற வேலைன்னா பொதுவா ரெண்டு, மூணு வாரத்துல போகலாம்னு சொல்வாங்க. பாரம் தூக்குற வேலைன்னா ஒண்ணரை மாசமாவது ஆகும்.

முதல் ரெண்டு வாரம் வெறும் நீராகாரம். அடுத்தது மசிச்ச சாப்பாடு. நம்ம ஊர் சாப்பாடு அங்கதான் கைகொடுத்துச்சு. அம்மா காரம் குறைச்சு சுறாப்புட்டு பண்ணித் தருவாங்க. மெத்துன்னு இருக்கும், புரதமும் கிடைக்கும். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேணும். நாலு ஸ்பூன் தின்னாலே வயிறு நிறையிற ஒருத்திக்கு அது மலை மாதிரி.

என்ன ஆபரேஷன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. குடலிறக்கம்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

வேலைக்குப் போன முதல் நாள் கஷ்டம் வயித்துல இல்லை, கடிகாரத்துல. சாப்பாட்டு நேரம் அரை மணி. எனக்கு நாலு ஸ்பூனை மென்னு முழுங்கவே அரை மணி. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது, முடிச்சு அரை மணி கழிச்சுத்தான். அதனால மத்த நேரம் பூரா மடக்கு மடக்கா குடிச்சாதான் கணக்கு வரும். மேஜையில பாட்டில், போன்ல அலாரம். சாயங்காலம் நாலு மணிக்கு உடம்பு சுவிட்ச் ஆஃப் ஆன மாதிரி ஆயிடும். ரசீதுல இருக்கிற எண் ரெண்டு ரெண்டாத் தெரியும்.

ஜூன் 15. படகெல்லாம் கடலுக்குக் கிளம்புற நாள். ஐஸுக்கு அடிதடி. முதலாளி எல்லாருக்கும் பிரியாணி வாங்கிட்டார். "ரெண்டு வாய் சாப்பிடும்மா"ன்னு அவரே எடுத்து வச்சார். மறுக்க முடியலை. வேகவேகமா முழுங்கினேன். நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி ஒரு வலி. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

கல்யாணம் ஆகாத பொண்ணு ஆபீஸ்ல வாந்தி எடுத்தா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டே நாள்ல அது எங்க தெரு வரைக்கும் வந்துடுச்சு. அத்தை ஒருத்தங்க அம்மாகிட்டயே கேட்டாங்க. அம்மா பதில் சொல்லாம மீன் கழுவிக்கிட்டே இருந்தாங்க. நானும் அப்போ வாயைத் திறக்கலை.

மூணு மாசத்துல எனக்கு 20 கிலோ குறைஞ்சிருந்துச்சு. வதந்தி போய் பாராட்டு வந்துச்சு. "எப்படிக்கா?"ன்னு கேட்டா, "நடக்கிறேன், ராத்திரி கம்பங்கூழ்"னு அடிச்சுவிடுவேன். எங்க பில்லிங்ல ஒரு தங்கச்சி, 22 வயசு. அவ அதை அப்படியே நம்பிட்டா. காலையிலயும் பட்டினி, மதியமும் பட்டினி, ராத்திரி கூழ் மட்டும். எடை குறையலைன்னதும் கூழையும் பாதியாக்கிட்டா. ஒருநாள் கல்லாப்பெட்டி முன்னாடியே மயங்கி விழுந்தா. தண்ணி தெளிச்சு எழுப்பினதும் அவ சொன்ன முதல் வார்த்தை, "உங்களால முடியுது, என்னால முடியலையேக்கா."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. நான் மறைச்சதுல என்ன தப்பு, என் உடம்பு என் விஷயம்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். அது இப்பவும் சரிதான். ஆபரேஷனைச் சொல்லாம இருக்க எனக்கு உரிமை இருக்கு. ஆனா சொல்லாம இருக்கிறது வேற, இல்லாத ஒரு டயட்டைச் சொல்லிக் கொடுக்கிறது வேற.

மறுநாள் அவளைத் தனியா கூப்பிட்டு, வயித்துல இருக்கிற அஞ்சு சின்னத் தழும்பையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வலிச்சுதாக்கா?"ன்னு கேட்டா. கோபப்படுவான்னு நினைச்சேன், படலை. அப்புறம் முதலாளிகிட்டயும் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தைப் பத்துப் பத்து நிமிஷமா மூணு தடவை எடுத்துக்கிறேன்னு கேட்டேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா பிரியாணி வச்சிருக்க மாட்டேனேம்மா"ன்னார்.

நீங்க இதை யோசிச்சுக்கிட்டிருந்தீங்கன்னா மூணே விஷயம். ஒண்ணு, இன்சூரன்ஸ். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது நிபந்தனைப்படி 18 வயசு ஆகியிருக்கணும், டாக்டர் பரிந்துரை வேணும். பி.எம்.ஐ. 40 இருக்கணும். 35 இருந்தா, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல் மாதிரி பிரச்சினை கூட இருக்கணும். பாலிசியில காத்திருப்புக் காலம் இருக்கான்னு முதல்லயே பாருங்க. ரெண்டு, வேலைக்குத் திரும்புற தேதியை மட்டும் பேசாதீங்க. இடைவேளை, பாரம் தூக்குறது, செக்கப் நாள் எல்லாத்தையும் சேர்த்துப் பேசுங்க. என்ன ஆபரேஷன்னு சொல்லாமலே இதைக் கேட்கலாம். மூணு, வாந்தி நிக்கலைன்னா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க.

இப்போ நான் 76 கிலோ. நாலாவது மாசம் கொத்துக் கொத்தா முடி கொட்டுச்சு, இப்போ திரும்ப வளருது. சர்க்கரை மாத்திரை குறைஞ்சிருக்கு. பி12, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அசந்தா எடை திரும்ப ஏறும்னும் தெரியும்.

அந்தத் தங்கச்சி இப்போ மதியம் என்கூட உட்கார்ந்துதான் சாப்பிடுறா. அவ டப்பா நிறைய சோறு, என் டப்பாவுல நாலு ஸ்பூன். நான் முடிக்கிற வரைக்கும் அவளும் எழுந்திருக்க மாட்டா.

சரி, அவ்வளவுதான். அடுத்த வாரம் பார்ப்போம்.