அருவியும் ஆய்வுக்கூடமும்

தென்காசி வட்டாரத்தில் பள்ளி இறுதித் தேர்வை முடித்த மாணவ மாணவியர் பலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உயிரித் தொழில்நுட்பத்தை ஆனர்ஸ் பாடமாக எடுத்துப் படிக்கலாமா? படித்தால் என்ன பயன்?" என்பதே அது. கேட்பவர்களிற் சிலர், மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காமையால் இந்தப் பக்கம் திரும்பியவர்கள். வேறு சிலர், பளபளக்கும் ஆய்வுக் கருவிகளின் படங்களைக் கண்டு மயங்கியவர்கள். இரு சாராருக்கும் பொதுவாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சாதாரணப் பட்டப் படிப்பில் பல பாடங்களையும் ஓரளவு கற்கிறோம். ஆனர்ஸ் படிப்பில் ஒரு பாடத்திலே ஊன்றி நின்று ஆழ இறங்குகிறோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நான்காம் ஆண்டும் தொடர்ந்து பயில்வோர்க்கு ஆனர்ஸ் பட்டம் என்று வகுத்திருக்கிறது. ஆனால் ஆனர்ஸ் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், 1921-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பின்பு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டமும் பெற்று, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். டார்லிங்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்துக் கூறும் நூலை 1945-இல் வெளியிட்டார். மைக்ராஸ்கோப்பின் முன்னே பல்லாண்டுகள் பொறுமையுடன் அமர்ந்ததன் பயன் அது.

இன்றைய மாணவர் முதலில் உயிரணுவின் அமைப்பையும், உயிர் வேதியியலையும், நுண்ணுயிரியலையும் கற்கிறார். பின்னர் மரபணுக்கள், திசு வளர்ப்பு, நோய்த் தடுப்பியல் ஆகியவற்றுக்கு வருகிறார். புள்ளியியலும் உண்டு, அதைக் கண்டு அஞ்சி ஓடுபவர் இத்துறையில் நெடுந்தூரம் செல்ல முடியாது. வளர்ப்புக் கரைசலை 121 டிகிரி வெப்பத்தில் கால் மணி நேரம் நீராவி அழுத்தத்தில் வைத்துத் தூய்மை செய்தல் வேண்டும். அவ்வளவு செய்தும், கையின் ஒரு சிறு அசைவால் குடுவையில் பூஞ்சை படர்ந்து ஒரு மாத உழைப்பு வீணாவதுண்டு. மறுபடியும் தொடங்குவதற்கு மனம் வேண்டும். இந்தப் படிப்பு உங்களிடம் முதன்முதலாகக் கேட்பது அந்த மனத்தைத்தான்.

கல்லூரி மாணவர் ஒருவரால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் பல உண்டு. 1966-இல் தாமஸ் பிராக் என்ற பேராசிரியரும், அப்போது இன்னும் பட்டம் பெறாத மாணவரான ஹட்சன் ஃப்ரீஸும் அந்த நீரில் உயிர்கள் வாழ்கின்றனவா என்று ஆராய்ந்தனர். ஏறத்தாழ 70 டிகிரி வெப்பத்திலும் நன்றாகச் செழிக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, 1969-இல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டனர்.

1983-இல் கேரி மல்லிஸ் என்பவர் டி.என்.ஏ.யைப் படியெடுத்துப் பெருக்கும் முறை ஒன்றைக் கண்டார். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளையும் சுமார் 95 டிகிரி வெப்பத்தால் பிரித்து, பின் குளிரவைத்து, ஒவ்வோர் இழைக்கும் ஒரு துணையிழையை உண்டாக்குவதே அம்முறை. ஆனால் இழையைக் கட்டும் நொதி, சூடேற்றும்போதெல்லாம் அழிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதியோ வெப்பத்தைத் தாங்கி நின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்றுகளில் கணக்குப்படி 107 கோடிப் படிகள் கிடைத்துவிடும்! மல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2020-இல் கொரோனா நோயைக் கண்டறிய நம் மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரிகளைச் சோதித்ததும் இந்த முறையின் வழி வந்ததே. ஓர் ஊற்றருகே நின்று, "இதில் உயிர் உண்டா?" என்று கேட்டதன் விளைவு எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்!

நமக்கு வெந்நீர் ஊற்று இல்லை; குளிர்ந்த அருவி இருக்கிறது. குற்றால நீர் மூலிகைகளைத் தழுவி வருவதால் அதில் நீராடினால் நோய் தீரும் என்று ஒவ்வொரு சாரல் காலத்திலும் கேட்கிறோம். இதை எள்ளி நகையாடுவது எளிது. அப்படியே நம்பிவிடுவது அதைவிட எளிது. ஆனர்ஸ் மாணவர் இதைச் சோதிக்கத் தக்க வினாவாக மாற்ற வேண்டும். தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று மேலிருந்து கீழாக மூன்று இடங்களில் தூய புட்டிகளில் நீர் எடுக்கலாம். சாரல் காலத்திலும் அது கழிந்த பின்னும் எடுக்கலாம். காடில்லாத ஓர் ஓடையின் நீரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றில் தாவரச் சத்துகள் உண்டா, எவ்வளவு உண்டு, எந்தெந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்று பார்க்கலாம். எந்தப் புட்டி எந்த இடத்தது என்பதைச் சோதிப்பவர் அறியாதபடி எண்ணிட்டு வைக்க வேண்டும். சத்து ஒன்றும் தென்படாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஊர்ப்பெருமைக்காக விடையைத் திருத்துபவர் விஞ்ஞானி ஆகமாட்டார்.

இன்னொரு கடமையும் உண்டு. நமக்குத் தெற்கே பொதிகை மலைப் பகுதியில் காணி மக்கள் வாழ்கிறார்கள். 1987-இல் கேரளத்துப் பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்டத்து ஆராய்ச்சியாளர்கள் மலையேறியபோது, வழிகாட்டிச் சென்ற காணிகள் ஒருவகைச் செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடந்ததைக் கண்டனர். அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியைக் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, அதனால் வந்த உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்கென ஒதுக்கினர். 1997-இல் அதற்கென அம்மக்களின் அறக்கட்டளை ஒன்றும் அமைந்தது. 2002-இல் இயற்றப்பட்ட உயிரியல் பன்மைச் சட்டமும் இத்தகைய பங்கீட்டை வலியுறுத்துகிறது. மலையிலிருந்து ஓர் இலையை எடுக்குமுன் வனத்துறையின் அனுமதி வேண்டும். அதன் குணத்தைச் சொல்லித் தந்தவரின் பெயரும் உங்கள் குறிப்பேட்டில் இருக்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனர்ஸ் பட்டத்தோடு நின்றுவிடாமல் மேலே படிக்க வேண்டியிருக்கலாம் என்பதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். அதற்கு மிகத் தொலைவு போகவேண்டும் என்பதில்லை. 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலியை அடுத்து இருக்கிறது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியிலேயே இருக்கிறது.

ஆகவே, இடம் கிடைக்கவில்லையே என்ற வருத்தத்தோடு இந்தப் பாடத்திற்கு வராதீர்கள். அடுத்த சாரலில் குற்றாலம் செல்லும்போது, அருவியோரத்துப் பாறையில் படிந்திருக்கும் பாசியைச் சற்று நின்று பாருங்கள். அது என்ன, எப்படி வாழ்கிறது, அதனோடு வேறு எவை வாழ்கின்றன என்று அறிய உங்களுக்கு உண்மையாகவே ஆவல் எழுமானால், தயங்காமல் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புங்கள்.