கொம்பும் குலமும்



சாணி வண்டைப் பற்றி இலக்கிய அவையில் பேசுவதா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர், மரபியலில் தும்பிக்கும் இடம் தந்தார். ஆண், பெண், இளமைக்குரிய மரபுப் பெயர்களையும் அவ்வியலிலேயே தொகுத்தார். களிறும் பிடியும் பெயரால் வேறு, இனத்தால் ஒன்று. வண்டுகளில் இத்தெளிவை எட்டப் பூச்சியியலார் பட்ட பாடு சிறிதன்று.

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சூழ்ந்த மேய்ச்சல் தரையில், மழை ஓய்ந்தபின் சாணத்தைக் கோலால் புரட்டினால், அதனடியிலேயே மண்ணைத் துளைத்து இறங்கும் சிறு வண்டுகளைக் காணலாம். இத்தகையவற்றுள் பல ‘ஒந்தோபேகஸ்’ என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. சாணம் உண்பது என்பதே அக்கிரேக்கப் பெயரின் பொருள்.

1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரப் போரைக் கண்டது இக்கோட்டை. அதற்குப் பின் அரை நூற்றாண்டு கழியுமுன், தரங்கம்பாடியில் இருந்த டேனிய அதிகாரி டால்டார்ஃப் பூச்சிகளைத் திரட்டினார். லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ் 1798இல் வெளியிட்ட நூலில் அவற்றுள் பலவற்றுக்குப் பெயரிட்டார். கொம்புடைய சாணி வண்டொன்றுக்கு அந்நூலில் அவர் இட்ட பெயர் ‘டாமா’. மானைக் குறிக்கும் லத்தீன் சொல். ‘கசெல்லா’ அவர் 1787இலேயே சூட்டியது. ‘டாரஸ்’, அதாவது காளை, அதற்கும் முந்தியது. கவிஞரல்லாதார் செய்த உவமைகளாயினும் பழுதில்லை.

ஒந்தோபேகஸைத் தனிப் பேரினமாக 1802இல் நிறுவியவர் லத்ரேய். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைப்பட்ட அவரது உயிரைக் காத்ததும், அச்சிறையில் அவர் கண்டெடுத்த ஒரு வண்டுதான்.

கொம்பு கண்ணைக் கவர்ந்தது, கருத்தையும் மயக்கியது. பேராணுக்கு நெடுங்கொம்பு. பெண்ணுக்குப் பெரும்பாலும் அது இல்லை. ஆணிலும் சிறியது மோழையாகவே இருந்தது. ஒரு குலத்து உயிர்கள் வெவ்வேறு சிற்றினங்களாகப் பெயர் பெற்றதும் உண்டு. காரணமோ எளியது. தாய் புதைத்து வைத்த சாண உருண்டை பெரிதாயின் மகனுக்குக் கொம்பு முளைக்கும், குறையின் முளையாது. கொம்பன் வளைவாயிலைக் காத்து நிற்க, மோழையோ பக்கத்தே வேறு வழி தோண்டிப் பெண்ணிடம் சேர்ந்துவிடும்! இன்று ஆணுறுப்பின் அமைப்பும் மரபணுவும் கூறும் சான்றையே அறிஞர் பெரிதும் நம்புகின்றனர்.

2000க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இப்பேரினம் விலங்குலகின் மிகப் பெரியனவற்றுள் ஒன்று. அதிலிருந்து பிரிந்து ‘டிஜிட்டொந்தோபேகஸ்’ என்ற தனிப் பெயரின்கீழ் நிற்கிறது கசெல்லா. ஆஸ்திரேலியாவின் வண்டுகள் கங்காரு இடும் உருண்டைகளுக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவற்றால் புதைத்து மாளவில்லை. எனவே 1968இல் கசெல்லாவை அங்கே கொண்டுபோய் விட்டனர். ஆனால் ஆப்பிரிக்காவில் ஒன்றெனக் கருதப்பட்ட அவ்வண்டு, உண்மையில் பல சிற்றினங்களின் தொகுதி என 2017இல் ழேனியேவும் மொரெத்தோவும் பிரித்துக் காட்டினர். கடல் கடந்து சென்றது அவற்றுள் எது என்ற கேள்வி அரை நூற்றாண்டு கழித்தே எழுந்தது.