எந்தத் தலைவலி?



"தலைவலிக்கு ஒரு மாத்திரை கொடுங்க" என்றால் பெட்டிக்கடைக்காரர் எந்தத் தலைவலி என்று கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் அழுத்தினால், அது பெரும்பாலும் இறுக்கத் தலைவலி. முகம் சுளிப்போம், ஆனாலும் வேலை ஓடிவிடும்.

மைக்ரேன் அப்படி விடாது. விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், மாடிப்படி ஏறினால் கூடும். ட்யூப்லைட் வெளிச்சம் ஆகாது, தாளிக்கிற வாசனைகூட ஆகாது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். சிலருக்கு வலி வருமுன் கண்ணெதிரே நெளிநெளியாகக் கோடுகள் மின்னும். வாந்தி வருகிறதே என்று இதைப் 'பித்தம்' என்று சொல்லி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்!

ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் குத்திக் குடைந்து, அந்தக் கண் சிவந்து நீர் கொட்டினால் அது கொத்துத் தலைவலியாக இருக்கலாம். மைக்ரேன்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். இவரோ உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பார்.

இன்னொன்றும் உண்டு. தலைவலிக்காரர்கள் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையை, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடும். தாராளமாகக் கைமாத்தாக மாத்திரை கொடுப்பவர்கள் கவனிக்க.

இடிவிழுந்ததுபோல் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் - இதில் எது வந்தாலும் மாத்திரை தேடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.