வேலூரில் கண்டி அரசர்: ஒரு கல்விச் சுற்றுலா தந்த பாடம்

(தருமபுரி மாவட்டம் வத்தல்மலையில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விச் சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். நன்றாக நடந்த சுற்றுலாவுக்கு முன்னால், நான் கெடுத்த சுற்றுலாவைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது இந்த மலையில்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூருக்கு அழைத்துப் போனேன். விடியுமுன் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே இரண்டு பேருக்கு வாந்தி. கோட்டை, அருங்காட்சியகம், பாலாற்றங்கரை முத்துமண்டபம் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கும் அவசரம் எனக்கு. முத்துமண்டபத்தில், "பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள்" என்றேன். எழுதினார்கள். மறுநாள் வகுப்பில், "அது யாருடைய கல்லறை?" என்று கேட்டேன். "கோட்டையைக் கட்டினவர் சார்" என்றாள் ஒரு மாணவி. அவள் நோட்டில் பெயரும் ஆண்டும் பிழையில்லாமல் இருந்தன. பிழை என்னுடையது.

அங்கே அடக்கமானவர் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. நாயக்கர் மரபில் வந்தவர். 1798இல் அரியணை ஏறினார். 1815 பிப்ரவரியில் பிடிபட்டார். மார்ச் 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம். இலங்கை முழுவதும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மறு ஆண்டு அவரைக் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். அதே கோட்டையில்தான் முன்பு திப்புவின் குடும்பம் இருந்தது. 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றிவிட்டார்கள். கண்டி அரசர் பதினாறு ஆண்டுகள் வேலூரிலேயே வாழ்ந்து, 1832 ஜனவரி 30இல் காலமானார். தமிழ்நாடு அரசு 1990இல் முத்துமண்டபத்தை எழுப்பியது.

இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு விடுமுறையில், நாடிழந்த வேறொருவரைப் பற்றி வாசித்தேன். அங்கேரி நாட்டு இளவரசர் இரண்டாம் ராகோத்சி. ஆஸ்திரியப் பேரரசை எதிர்த்து 1703 முதல் 1711 வரை போராடித் தோற்றவர். பணிய மறுத்து வெளியேறி, போலந்து, பிரான்சு என்று அலைந்து, 1720இல் துருக்கியின் கடலோர ஊரான தெக்கிர்தாவில் தங்கினார். 1735இல் அங்கேயே இறந்தார். அங்கே அவர் பெயரில் ஒரு நினைவு இல்லம், அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்த ஊரில் அவர் மணி பிசகாத ஒழுங்கோடு நாளைக் கழித்தார். தச்சு வேலை பழகினார். அவருடன் போன மிக்கெஷ் என்பவர், இல்லாத ஓர் அத்தைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிவைத்தார். இன்று அந்த வாழ்க்கை நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்தக் கடிதங்களால்தான்.

அதைப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. நான் ஆண்டுகளைச் சொன்னேனே தவிர, ஒரு நாளைச் சொல்லவில்லை. நாடிழந்த மனிதர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? மாலையில்?

அடுத்த ஆண்டு மறுபடியும் வேலூர் போனோம். இந்த முறை இரண்டே இடங்கள். புறப்படும் முன் வகுப்பில் ஒன்றுதான் சொன்னேன்: "அவர் ஊரும் நம்ம ஊர் மாதிரி மலைநாடு. அங்கிருந்து வந்து, பதினாறு வருஷம் கோட்டைக்குள் இருந்தார். அவர் பொழுது எப்படிப் போயிருக்கும் என்று பார்த்துவிட்டு வாருங்கள்." நோட்டு வேண்டாம் என்றும் சொன்னேன்.

கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தில், அந்த அரசர் பயன்படுத்திய தந்தத்தாலான சதுரங்கப் பலகை இருக்கிறது. பிள்ளைகள் அதைவிட்டு நகரவில்லை. "யாரோடு ஆடியிருப்பார் சார்?" "தோற்றால் கோபம் வருமா?" "ராஜாவை வெட்டும்போது என்ன நினைப்பார்?" கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெளியே வந்ததும் வெயில். "குளிர் இல்லாம எப்படி சார் தூங்கினார்?" என்றான் ஒருவன். நம் பிள்ளைகளால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி அது.

திரும்பி வந்ததும், மிக்கெஷ் செய்ததையே செய்யச் சொன்னேன். "நீங்கள் அரசரோடு வந்தவர். ஊரில் உள்ள அத்தைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்." என் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவன் உண்டு. கீழே ஒரு விடுதியில் சேர்ந்து, இரண்டே மாதத்தில் திரும்பி வந்தவன். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். படிப்பில் நாட்டமில்லை என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம். அவன் எழுதியது இது: "அத்தை, இங்கே ராத்திரியில் விளக்கை அணைப்பதில்லை. நம்ம ஊரில் இருட்டானால்தான் எனக்குத் தூக்கம் வரும். சோறு நிறையப் போடுகிறார்கள். நான் பேசினால் சிரிக்கிறார்கள்."

அந்த விளக்கு வேலூர்க் கோட்டையில் எரிந்ததல்ல என்பது உங்களுக்குச் சொல்லாமலே புரியும். அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பாவும் அன்றுதான் அதை முதன்முதலாகக் கேட்டார். இந்த ஜூனில் அவன் மறுபடியும் கீழே படிக்கப் போயிருக்கிறான். ஊர்ப் பையன் ஒருவனையும் துணைக்குச் சேர்த்தோம். விடுதிக் காப்பாளரிடம் நானே நேரில் போய்ப் பேசினேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. "அவர் நல்ல ராஜாவா சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1814இல் தமக்கெதிராகத் திரும்பிய எகலப்பொலவின் மனைவி மக்களைக் கொல்லச் சொன்னவர் அவர். அதையும் சொன்னேன். "அப்படின்னா பாவம்னு நினைக்கலாமா?" என்றாள் அந்தப் பழைய மாணவியின் தங்கை. அரை மணி நேரம் விவாதித்தார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

வேலூர் தூரம் என்பவர்களுக்கு, நம் மாவட்டத்திலேயே பாப்பாரப்பட்டி இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23இல் மறைந்த ஊர்; அங்கே அவருக்கு மணிமண்டபம் உண்டு. சிறையில் தொழுநோய் பற்றியது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் தடை விதித்தார்கள். அந்த உடம்போடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியவர். அங்கே போனால் பிறந்த ஆண்டை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடந்திருப்பார், இரவு எங்கே தங்கியிருப்பார், யார் சோறு போட்டிருப்பார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். அதைத் திருத்துவதற்கு முன், சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.