நோட்டைத் துடைக்காதீர்கள்

பழைய பீரோவை ஒழிக்கும்போது தாத்தா காலத்து ஒரு ரூபாய் நோட்டு கிடைக்கிறது. ஒரே அழுக்கு. உடனே என்ன செய்வோம்? ஈரத்துணியால் துடைப்போம். இஸ்திரிப் பெட்டியை மேலே ஓட்டுவோம். போச்சு! நோட்டின் மதிப்பு அங்கேதான் போகிறது.

நோட்டு சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது மடிப்பை. விளக்கடியில் நோட்டைச் சாய்த்துப் பிடிப்பார்கள். நடுவில் மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தாலே போதும், முதல் தரத்திலிருந்து அது இறங்கிவிடும். அடுத்து மூலைகள். கூர்மையாக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா? பிறகு காகிதத்தின் மொறுமொறுப்பு. இஸ்திரி போட்டால் மடிப்பு அமுங்கும், மறையாது. மொறுமொறுப்புதான் போய்விடும்.

நம் நாட்டு நோட்டில் ஒரு தனிச் சங்கதி உண்டு. அந்தக் காலத்தில் வங்கிகள் கட்டுக்கட்டாக ஸ்டேபிள் பின் அடித்து வைத்தன. அதனால் யார் கையிலும் புழங்காத நோட்டிலும் ஓட்டை இருக்கும். 2001-ல்தான் ரிசர்வ் வங்கி இதை நிறுத்தச் சொன்னது.

சரி, எப்படிப் பத்திரப்படுத்துவது? கல்யாணப் பட்டுப்புடவை மாதிரிதான். வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. ஆனால் நோட்டை மடிக்கவும் கூடாது. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செலோடேப்பும் வேண்டாம். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து நோட்டைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

மறுபடி சொல்கிறேன். துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கோடு அப்படியே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.